"வெறும் நாலு சுவர்தானே?" என்று கேட்ட தம்பிக்கு

லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் போன இதழில் போட்டு, பதில் அடுத்த இதழில் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அதைப் படித்துவிட்டு இன்னும் நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள், அதனால் இந்த முறை கேள்வி பதில் பகுதி முழுவதும் ஒரே விஷயம்தான். போன இதழைப் பார்க்காதவர்களுக்காக முதல் கடிதத்தின் சாரத்தை மறுபடி தருகிறேன்.

"சொந்த ஊர் செங்கல்பட்டுக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். நான் பெங்களூருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. ஊரில் ஸ்காட்லாந்து மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்று இருக்கிறது. என் தாத்தாவின் அப்பா அதற்குச் சுண்ணாம்பு அரைத்ததாகச் சொல்வார்கள். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, இடம் போதவில்லை. இடித்துவிட்டு கோபுரத்தோடு கான்கிரீட்டில் கட்டப்போகிறோம் என்று நன்கொடை கேட்டு வந்தார்கள். பழையதை வைத்திருக்கலாமே என்றேன். 'அதுல என்ன சார் இருக்கு? கலர் கண்ணாடி இருக்கா, கோபுரம் இருக்கா? மணிகூட மரத்துலதான் தொங்குது. வெறும் நாலு சுவர்தானே?' என்றார் ஒரு தம்பி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா, இல்லை எனக்குத்தான் பாசமா?"
- வாசகர், லிங்கராஜபுரம்

ஐயா, பாசம்தான். ஆனால் பாசம் இருக்கிறது என்பதாலேயே மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தம்பி கண்ணால் பார்த்தது எல்லாம் சரி, அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை.

கலர் கண்ணாடி இல்லை, சுரூபம் (புனிதர் சிலை) இல்லை, கோபுரம் இல்லை. காசு இல்லாததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொட்டிக் கிடந்திருந்தாலும் அந்த மிஷன்காரர்கள் உள்ளே சுரூபம் வைத்திருக்க மாட்டார்கள். 1560இல் ஸ்காட்லாந்து திருச்சபை சீர்திருத்தத்தின் பக்கம் போனபோது படம், சுரூபம், பலிபீடம் எல்லாவற்றையும் ஆலயத்துக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். வசனத்தை வாசிப்பதும் கேட்பதும்தான் ஆராதனையின் நடுநாயகம், கண்ணை இழுக்கிற எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் கப்பலேறி வந்து உங்கள் ஊர் வயலுக்கு நடுவில் வெள்ளைச் சுவராக நிற்கிறது. அந்த வெறுமை யோசித்துச் செய்தது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று நிதானமாக உள்ளே பாருங்கள். பிரசங்க பீடம் எங்கே இருக்கிறது, நடுவிலா, ஓரத்திலா? எத்தனை படி ஏறுகிறது? திருவிருந்து மேசை சுவரோடு ஒட்டிய பீடம் மாதிரி இருக்கிறதா, ஆட்கள் சுற்றி உட்காரலாம் போலத் தள்ளிப் போட்ட சாதாரண மேசையா? ஜன்னல்கள் இரண்டு பக்கமும் பெரிதாக இருந்து, வெளிச்சம் வடிகட்டாமல் நேராகப் புத்தகத்தின் மேல் விழுகிறதா? பல ஊர்களில் பிற்காலத்தில் பீடத்தை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் சிலுவையும் திரையும் வைத்துவிட்டார்கள். அப்படி மாற்றியிருந்தாலும் தரையில் பழைய பீடத்தின் தடம் தெரியலாம். அந்தத் தம்பியையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இதெல்லாம் கட்டட அமைப்பு. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தச் சுவருக்குள் யார் உட்கார்ந்தார்கள் என்பது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தக் காலத்தில் சேரியில் பிறந்தவருக்குச் சொந்த நிலம் என்பது அநேகமாகக் கிடையாது. மிராசுதாரர் நிலத்தில் பண்ணையாள், குடியிருக்கும் மனைகூட அவர் தயவில்தான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார், அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையிலிருந்துதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்தின் கதை தொடங்குகிறது. இந்த விஷயத்தை அரசாங்கத்திடம் விடாமல் எடுத்துப் போனவர்களில் ஒருவர், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ. நிலமற்ற மக்களுக்காக அவர் உண்டாக்கிய குடியேற்றம்தான் மெல்ரோசாபுரம், பெயரிலேயே மெல்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்து ஸ்காட்லாந்து மிஷன் கோயில்களை இந்த நிலப் போராட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத மனிதர், கல்லும் சுண்ணாம்புமாகத் தன் கையால் எழுப்பி, உள்ளே போய்த் தலை நிமிர்ந்து உட்கார்ந்த முதல் காரைக் கட்டடம் அந்தக் கோயிலாகத்தான் இருந்திருக்கும். சேரியில் மற்றதெல்லாம் மண் சுவரும் பனையோலையும்.

துரைமார் வந்து கட்டிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கதை சொல்லிவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மிஷனரி எப்போதாவது வண்டி கட்டிக்கொண்டு வந்து போவார். அன்றாடம் அதை நடத்தியது உபதேசியார், பெரும்பாலும் நம் ஜனங்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்த அதே அறையில் திங்கட்கிழமை பாய் விரித்து அ, ஆ சொல்லிக் கொடுத்தார். உங்கள் ஊரில் உங்கள் தாத்தா தலைமுறையில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே படித்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பள்ளிக்கூடமாக இருந்த அறைக்கு அடையாளம் சுவரிலேயே இருக்கலாம், கரும்பலகைக்காகக் கறுப்புப் பூசிய இடம், சிலேட்டு வைக்கும் மாடம் என்று.

என் அம்மாவின் ஊரிலும் இப்படி ஒரு கோயில் இருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது இடித்தார்கள். சின்ன வயதில் அதன் சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்வேன், சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். பின்பக்கச் சுவரில், ஈரம் காய்வதற்குள் யாரோ அழுத்திய நாலு விரல் தடம் ஒன்று இருந்தது. இப்போது இருக்கும் கட்டடத்தில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் கிரானைட்டில் வரிசையாக இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அந்த விரல் தடம் ஒன்றுதான் அவர்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து, அதையும் கடப்பாரையால் பெயர்த்துவிட்டோம். அதை நினைத்துத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எங்கள் அப்பா அம்மா எல்லாரும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). பிரஸ்பிட்டேரியன் என்கிற வார்த்தையையே போன இதழில்தான் கேள்விப்படுகிறேன். அப்படி ஒரு சபை நம் பக்கத்தில் இருந்ததா?"
- வாசகி, மர்ஃபி டவுன்

இருந்தது அம்மா. வார்த்தை புதிதாக இருக்கும், விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரஸ்புத்தேரோஸ் என்றால் கிரேக்கத்தில் மூப்பர். பேராயர் (பிஷப்) என்று ஒருவர் மேலே இருந்து நடத்தாமல், சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து நடத்தும் முறை அது.

தமிழ்நாட்டில் இது இரண்டு வழியாக வந்தது. ஒன்று ஸ்காட்லாந்து மிஷன், சென்னையில் 1837இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்ததும் அவர்கள் வேலைதான், பிறகு காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று கிராமப்புறம் போனார்கள். இன்னொன்று ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்தது. ராணிப்பேட்டை, ஆரணி, வேலூர், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் நம் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்கள் ஊர்ப் பழைய கோயில் இந்த வழியில் வந்ததாக இருக்கலாம். 1908இல் இவர்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து சிஎஸ்ஐ ஆனது. அதோடு பெயர் மறைந்துவிட்டது. காஞ்சிபுரத்துக் கிராமங்களில் ஸ்காட்லாந்து மிஷனரியாக அலைந்த லெஸ்லி நியூபிகின் அதே 1947இல் மதுரை - இராமநாதபுரம் பேராயர் ஆனார், பேராயரே வேண்டாம் என்ற சபையிலிருந்து வந்தவர்!

மிசோரம், மேகாலயா பக்கம் போனால் இன்றும் அந்தப் பெயரிலேயே பெரிய சபை இருக்கிறது. நம் பக்கத்தில் பெயர்ப் பலகை போய்விட்டது, மிச்சம் இருப்பது அந்தக் கட்டடங்களின் அமைப்பும் மூப்பர் என்கிற சொல்லும்தான். பிரஸ்பிட்டேரியன் என்ற வார்த்தை உங்களுக்கே புதிதாக இருக்கிறது பாருங்கள், அப்படியானால் அந்தக் கோயிலும் போய்விட்டால் அந்தச் சபையை எதைக் காட்டி நினைவு வைத்துக்கொள்வது?

"கப்பன் ரோட்டில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸும் ஸ்காட்லாந்து சபைதானே? அது எவ்வளவு பிரமாதமாக இருக்கிறது! எளிமைதான் கொள்கை என்றால் அது மட்டும் ஏன் அப்படி?"
- கல்லூரி மாணவர், காக்ஸ் டவுன்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. நம் கப்பன் ரோடு கிர்க் (தேவாலயத்துக்கு ஸ்காட்லாந்துச் சொல்), தண்டில், அதாவது கண்டோன்மென்ட்டில் இருந்த ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் கட்டியது. 1864இல் அடிக்கல், 1866இல் திறப்பு. மணிக்கூண்டு, கூர்வளைவு எல்லாம் உண்டு. சென்னை எழும்பூர் கிர்க் அதைவிட ஒரு படி மேல், 1821இல் முடிந்தது, டி ஹாவிலாண்ட் என்ற பொறியாளர் கட்டினார். இளகின மண் என்பதால் வட்டக் கிணறுகள் இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் எழுப்பினார், உள்ளே நீல வானத்தில் நட்சத்திரம் மாதிரி வண்ணம் தீட்டிய குவிமாடம். ஆங்கிலிக்கன் சபைக்கு ஊரில் பெரிய கோயில் இருக்கும்போது நாங்கள் மட்டும் என்ன குறைச்சல் என்று கேட்ட கட்டடங்கள் இவை, கௌரவப் போட்டியும் கலந்தது.

ஆனால் அவற்றிலும் கொள்கை ஒளிந்திருக்கிறது. எழும்பூர் கிர்க் உள்ளே வட்டமாக இருக்கிறது அல்லவா, எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கம் காதில் விழ வேண்டும் என்பதற்கு ஏற்ற அமைப்பு அது. கப்பன் ரோடு கிர்க்கில் பைப் ஆர்கன் வந்தது 1881இல். கட்டடம் திறந்து பதினைந்து வருஷம் கழித்து! ஸ்காட்லாந்துச் சபையில் 1860கள் வரை ஆராதனையில் வாத்தியமே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது, அப்போதுதான் மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது.

நகரத்துக் கோயில்களுக்கு ஆள் இருக்கிறது, அதைப் பற்றி எழுத, படம் எடுக்க, சீரமைக்க. கிராமத்துக் கோயிலுக்கு அந்த ஊர்க்காரர்களை விட்டால் யாரும் இல்லை. ஒன்று ஆளவந்தவர்கள் தங்களுக்காகக் கட்டியது, மற்றது ஆளப்பட்டவர்களிலும் கடைசியில் நின்றவர்களின் கை உழைப்பு. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று என்னிடம் சொன்னால் நான் கிராமத்துக் கோயிலைத்தான் கேட்பேன்.

"முப்பது வருஷமாக சிவில் காண்ட்ராக்டராக இருக்கிறேன். நூறு வருஷச் சுவர் என்றால் ஆயுள் முடிந்தது என்றுதான் அர்த்தம். இடிக்க மனசில்லை என்றால் நல்லா சிமென்ட் பூசி, மேலே ஷீட் போட்டுவிடட்டும். ஏன் வீணாக உணர்ச்சிவசப்பட வேண்டும்?"
- வாசகர், அல்சூர்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் சிமென்ட் விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். அந்தச் சுவர்களைக் கொல்வது பெரும்பாலும் வயது இல்லை, சிமென்ட்தான்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துபோகும். அதன் மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடும். ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மேலே ஏறும், கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே பொடியாக்கிவிடும். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து சிமென்ட் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். "பாருங்க, சுவர் உளுத்துப்போச்சு, இடிச்சே ஆகணும்" என்பார்கள். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது கோயிலுக்கு வெளியே. வருஷா வருஷம் மண் போட்டு, பிறகு சிமென்ட் ரோடும் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அந்த மண்ணைச் சுவரோரம் வெட்டி எடுத்து, மழைத்தண்ணீர் ஓடிப்போக வழி செய்தாலே பாதி ஈரம் போய்விடும். அப்புறம் சிமென்ட் ஒட்டுகளைப் பதமாகப் பெயர்த்துவிட்டு, பழையபடி சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடிக்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், பழைய கோயில்கள், செட்டிநாட்டு வீடுகள் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

கூரை ஒழுகுவதற்கு ஷீட் போட்டால் உள்ளே சித்திரையில் உட்கார முடியாது. ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, சட்டங்களில் கறையான் அரித்ததை மட்டும் மாற்றி, திரும்ப அடுக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முக்கியமாக, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனையைத் தட்டிப் பாருங்கள், உளுப்பது அங்கேதான் தொடங்கும். ஓட்டைப் பிரிக்கும்போது அடிப்பக்க அச்சையும் படம் எடுத்து வையுங்கள். பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மிஷன்) ஓடு என்றால் 1865 என்று இருக்கலாம், அது மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், உங்கள் கோயில் கட்டிய வருஷம் இல்லை. கோயில் கட்டிய வருஷம் வாசல் நிலைக்கு மேலே கல்லில் இருக்கக்கூடும், வெள்ளை அடித்து அடித்து மூடியிருக்கும். கம்பி பிரஷ் போடாமல், தண்ணீரும் நார் பிரஷுமாக மெதுவாகத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதைச் சட்டப்படி தடுக்க வழி இருக்கிறதா?"
- வாசகி, கம்மனஹள்ளி

நூறு வருஷம் ஆகிவிட்டாலே சட்டம் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1958 மத்தியச் சட்டமானாலும், தமிழ்நாட்டின் 1966 சட்டமானாலும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு அறிவித்தால்தான் பாதுகாப்பு. சின்ன கிராமத்துக் கோயிலுக்கு அந்த அறிவிப்பு வருவது அபூர்வம். நடைமுறையில் உங்களுக்கு உதவக்கூடியது வேறு. சிஎஸ்ஐ சொத்துகள் பொதுவாக சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும், அதனால் ஊரில் நாலு பேர் முடிவு செய்து இடித்துவிட முடியாது, பேராயத்தின் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட மண்டலம்) அனுமதி வேண்டும். அங்கே ஒரு மனு கொடுக்கலாம். பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டமும் இருக்கிறது, மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்பிடம் கேட்டால் பழைய கட்டடம் தெரிந்த ஆர்க்கிடெக்ட் யார் என்றாவது சொல்வார்கள்.

மனுவில் "எங்கள் ஆலயம் மிகப் பழமையானது" என்று மட்டும் எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1979இல் பர்ரா என்ற ஊரில் எழுதிய சாசனம் ஒன்று இதற்கு நல்ல வழிகாட்டி. ஒரு இடத்தின் அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று தனித்தனியாகக் கேட்டு மதிப்பைச் சொல்லச் சொல்கிறது. உங்கள் கோயிலுக்கு அழகு என்ற தலைப்பில் இரண்டு வரிதான் வரலாம். சமூகம் என்ற தலைப்பில் பக்கம் போதாது.

"ஊரை விட்டு வந்து பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இருப்பவர்களிடம் இடிக்காதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஒழுகும் கூரைக்குக் கீழே உட்காருவது அவர்கள்தானே?"
- வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார், ஃபிரேசர் டவுன்

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்வது நியாயம். கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் மட்டும் போய் நிற்கிற நமக்கு உத்தரவு போடும் உரிமை இல்லை. இடம் போதவில்லை என்பதும் உண்மையான கஷ்டம். கோபுரம் வேண்டும் என்கிற ஆசையையும் நான் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன், இவ்வளவு காலம் ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி ஒன்று கட்ட வேண்டும் என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆனால் இதற்குப் பழையதை இடிக்க வேண்டியதில்லையே. மிஷன் காம்பவுண்டு என்றால் பெரும்பாலும் இடம் இருக்கும், புதியதைப் பக்கத்தில் கட்டட்டும், பழையது ஞாயிறு பள்ளிக்கும், மாலையில் பிள்ளைகள் படிக்கவும் ஆகும். லிங்கராஜபுரத்து ஐயா, நன்கொடை கேட்டு வந்தார்கள் என்றீர்களே, மறுக்காதீர்கள். கொடுங்கள், ஆனால் இந்தப் பங்கு பழைய கூரைக்கு என்று எழுதிக் கொடுங்கள். இடிக்காதே என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவருக்கும், இடிக்காதே, ஓடு மாற்றுகிற செலவில் பாதி என்னுடையது என்று சொல்பவருக்கும் ஊரில் வேறு வேறு மரியாதை.

ஒருவேளை எல்லாம் மீறி இடித்துவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் கேளுங்கள். உள்ளும் வெளியும் படம் எடுத்து, நீளம் அகலம் அளந்து, ஜன்னல் கதவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, மூப்பர் கூட்டக் குறிப்பு இருந்தால் அதுதான் முதலில் பத்திரமாக வேண்டியது, ஏனென்றால் சேரியில் பிறந்த ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், தொழில் இவையெல்லாம் அந்தக் காலத்தில் வேறெங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பக்கம் பக்கமாக ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஊரில் எண்பது தாண்டிய மூப்பரோ பாட்டியோ யாராவது இருந்தால் இந்த ஞாயிறே கூப்பிடுங்கள். உங்கள் தாத்தாவின் அப்பா சுண்ணாம்பு அரைத்தார் என்றீர்கள், கூட யார் யார் அரைத்தார்கள், கூலிக்கா, காணிக்கையாகவா, கிளிஞ்சல் எங்கேயிருந்து வந்தது, காளவாய் எந்த மேட்டில் இருந்தது என்று கேட்டு அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். கிடைத்த பெயர்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள், ஐயா.